ஓல்யாவின் பாலிஷ் டப்பா

கறுப்பு ஷூ பாலிஷ் வாசனை... கூடவே வெயிலில் காய்ந்த மணல் வாசனை. இரண்டும் சேர்ந்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும்.

எண்பதுகளில் எங்கள் டவுன்ஷிப்பில் அனல்மின் நிலைய வேலைக்காக சோவியத் இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள். அவர்கள் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் வரிசைக்கும் நடுவில் கம்பி வேலி. பெரியவர்களுக்குத்தான் அது வேலி. எங்களுக்கு அதில் ஓர் ஓட்டை இருந்தது.

அந்த ஓட்டை வழியாக வந்தவள்தான் ஓல்யா. என் வயதுதான், ஒன்பது. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ரஷ்யன் தெரியாது. ஆனால் நான் தரையில் பாண்டிக் கட்டம் போட்டதும் கைதட்டிக் குதித்தாள். அவள் ஊரிலும் அதே விளையாட்டாம்!

ஒரே வித்தியாசம்... நாங்கள் ஓட்டுச் சில்லை எறிந்துவிட்டுத் தாண்டுவோம். அவர்கள் காலி பாலிஷ் டப்பாவில் மணலை நிரப்பி, நொண்டியடித்தபடியே அதைக் கட்டம் கட்டமாகக் காலால் தள்ளிக்கொண்டு போவார்கள். எலாஸ்டிக் கயிற்றை இரண்டு பேர் காலில் மாட்டிக் குதிப்பது, பந்தால் அடித்து அவுட்டாக்குவது எல்லாம் அவளிடம் கற்றதுதான். ஆனாலும் கடைசியில் டப்பாவுக்கே வருவோம்.

ஒருநாள் தன் டப்பாவை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். மூடியில் ஆணியால் ஒரு பூனைப் படம் கீறியிருக்கும். அதைத் தவிர வேறெதிலும் அவள் ஆட மாட்டாள். அதைத்தான் கொடுத்தாள்.

வீட்டுக்கு ஓடினேன். அப்பா பார்த்தார்.

"யாரைக் கேட்டு வாங்கின? மானத்த வாங்குறதுக்குன்னே பொறந்திருக்க. போய்க் குடுத்துட்டு வா!"

காலி டப்பாங்க அது! குப்பைக்குப் போக வேண்டியது! ஆனால் நம் வீடுகளில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கக் கூடாது, கௌரவம் போய்விடும். காதைப் பிடித்து வேலிவரை இழுத்துப் போனார். ஓல்யா முன்னால் நீட்டினேன். எந்த மொழியில் விளக்குவது?

நான் 'கா' விட்டதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். முகம் சிவந்து, டப்பாவை வாங்காமலே திரும்பி நடந்தாள். அப்பா அதை வேலித் தூண்மேல் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. லீவு முடிவதற்குள் அந்தக் குடும்பமே ஊர் திரும்பிவிட்டது. 'பழம்' விட ஆள் இல்லை.

இப்போது நான் ஜெர்மனியில், ஹாலே நகரத்தில். இங்கே பிள்ளைகள் சேர்ந்து விளையாட, அம்மாக்கள் வாட்ஸ்அப்பில் நாள் குறிக்க வேண்டும். எரிச்சலாக வரும்.

போன சனிக்கிழமை அபார்ட்மென்ட் முற்றத்தில் என் மகள் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டு, தனியாகக் கல்லை எறிந்து ஆடிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டு லீடியா சோவியத் காலத்து கஜகஸ்தானில் வளர்ந்தவர். ஜன்னலில் பார்த்தவர், பாலிஷ் டப்பாவில் மணல் நிரப்பிக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்திருக்கிறார். மகள் மூச்சிரைக்க மேலே ஓடிவந்து காட்டினாள்.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"யாரைக் கேட்டு வாங்கின? போய்க் குடுத்துட்டு வா."

வார்த்தை மாறாமல்! அவள் முகம் சுருங்கிப் படியிறங்கினாள். எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். லீடியா வீட்டு பெல்லில் அவள் கை வைப்பதற்குள் பிடித்துவிட்டேன்.

"குடுக்காதடி. அது உன்னோடது."

"இப்பதானே குடுன்னு சொன்ன? உனக்கு என்னதாம்மா பிரச்சனை?"

அவளை விளையாட அனுப்பிவிட்டு மேலே வந்தேன். நேராக ஊருக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷக் கோபம்...

"ஏம்ப்பா அன்னிக்கு அந்த டப்பாவத் திருப்பிக் குடுக்க வெச்சீங்க?"

"எந்த டப்பாம்மா?" என்றார் அப்பா.

கத்தத்தான் வாயைத் திறந்தேன்... யாரிடம் கத்துவது? போனை வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே டப்பா தரையில் உரசிக்கொண்டு போகும் சத்தம். லீடியாவும் மகளும் மாறி மாறி நொண்டியடித்துக்கொண்டிருந்தார்கள்.