வாழைப்பழச் சீசாவும் கஞ்சிச் சீசாவும்

ராஜநாயகம் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தார். ஓய்வு பெற்ற அன்று, போர்த்திய சால்வையோடு ஒரு சீசா பழ ஈக்களையும் மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அவர் மனைவி, மர்சலின்.

அந்த ஈக்களை அவர் இரண்டு சீசாக்களில் பிரித்து வைத்தார். ஒன்றுக்கு எப்போதும் வாழைப்பழம். மற்றதற்கு ஈஸ்ட் தூவிய, இறுகக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி. பன்னிரண்டு நாளுக்கு ஒரு தலைமுறை. ஒன்பது வருடம் அவை ஒன்றையொன்று தொட்டதில்லை.

கீழ்வீட்டு ஷகீலா சிரிப்பாள். "இன்னாண்ணே, வேலையில்லாதவங்க ஈ ஓட்டுவாங்க. நீங்க ஈ வளத்துக்கினு கீறீங்க!"

"நான் வளத்தாத்தானேம்மா நீங்க ஓட்ட முடியும்?" என்பார்.

எனக்கு இரண்டு சீசாவும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. "ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்று கேட்டேன்.

"பாக்க ஒண்ணா இருந்தா போதாது மர்சலின். பிரிஞ்சு இருந்தாலும் போதாது. திரும்ப ஒண்ணா விட்டாலும் சேரக் கூடாது. அப்பதான் தனி ஸ்பீஷிஸ், தனி இனம்."

ஒரு சீசாவுக்கு சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை என்று சாப்பாட்டில் கேசரிப் பவுடர் கலந்தால் ஈயின் வயிற்றில் நிறம் தெரியுமாம். பிறகு ஒன்றாக விட்டு, எது எதோடு கூடுகிறது என்று எண்ண வேண்டும். டிசம்பரில் செய்வதாக இருந்தார்.

நவம்பரில் நெஞ்சுவலி வந்து அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஈக்களுக்குச் சாப்பாடு மாற்றுவது என் வேலையாயிற்று. புதுச் சீசாவைப் பழைய சீசாவின் வாயோடு வாய் வைத்து, ஈக்கள் புதியதில் விழும்படி தட்ட வேண்டும். ஐந்தாம் நாள் காலை, அவருக்கு ரசம் சாதம் எடுத்துக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் தட்டினேன். பழைய சீசா இரண்டையும், உள்ளே இருந்த புழுக்களோடு, கொதிநீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் பார்த்தேன். கஞ்சி போட்ட புதுச் சீசா காலியாக இருந்தது. இரண்டையும் ஒன்றிலேயே தட்டியிருக்கிறேன்; எல்லா ஈக்களும் வாழைப்பழத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன.

அன்று அவர் கேட்ட முதல் கேள்வியே சீசாக்களைப் பற்றித்தான்: "ரெண்டு வீடும் நல்லா கீதா?"

"நல்லா இருக்குங்க."

"சேத்து விட்டாக்கூட சேராது, பாத்துக்கினே இரு" என்றார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கல்லூரியிலிருந்து ஸ்ரீநாத் சார் வந்தார். அந்தச் சோதனையைத் தானே முடிப்பதாக என் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். நான் ஒரே சீசாவை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை.

அவர் சீசாவை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"சேர்ந்திருக்குமா சார்?"

"இனிமே சொல்ல முடியாதும்மா. இதுல எது எந்த வீட்டுப் பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்?"

சேராமல் இருந்திருந்தால் என் கணவர் நினைத்தது சரி, அதன் அத்தாட்சியைக் கெடுத்தவள் நான். சேர்ந்திருந்தால் அவை ஒருபோதும் பிரியவே இல்லை, நான் கெடுத்ததும் ஒன்றுமில்லை. ஜெபத்தில் மண்டியிடும்போது இந்த இரண்டில் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.