ஒரு குறையும் சொல்லாத ஆள்

குஷன்காரர் வீடு எது என்று கேட்டால் போதும், நான்கு தெரு தள்ளி இருப்பவர்கூடக் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுவார். கார் சீட் தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை அவரேதான் சொல்வார். அதனால் பொய் என்று ஆகிவிடாது.

படிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரலை. தப்பு யார்மேலன்னு அதைத்தான் கேக்கணும்" என்பார். சின்ன வயதிலேயே ஒரு லாரிப் பட்டறையில் போய் உட்கார்ந்தார். கிழிந்த சீட்டைப் பிரிப்பது, உள்ளே இருக்கிற பழைய பஞ்சை உதறுவது, தும்முவது, இவ்வளவுதான் வேலை. அங்கிருந்து கைக்கு ஊசி வந்தது, ஊசிக்குப் பிறகு மெஷின், மெஷினுக்குப் பிறகு சொந்தக் கடை. கடை கொடுத்ததுதான் மாடி வைத்த வீடு, மகளுக்கு வெளிநாட்டுப் படிப்பு, வாசலில் நிற்கிற கார், எல்லாம். எவன் வாசலிலும் போய் நின்றதில்லை. நிற்கிற ஜாதகமே அவருக்கு இல்லை.

அந்தக் காரைத்தான் இப்போது விற்க வேண்டியதாகிவிட்டது. கண் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, தூரத்தில் வருவதெல்லாம் புகைக்குள் வருகிற மாதிரி வந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றார்.

"நான் சத்தத்தை வெச்சே ஓட்டிடுவேன் டாக்டர்."

"எதிர்ல நடந்து வர்றவங்க சத்தம் போட்டுக்கிட்டு வர மாட்டாங்களே ஐயா."

இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செய்தால் படிக்கிற அளவுக்காவது தெரியும், கார் ஓட்டுகிற ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஆபரேஷனுக்கான பணத்தைக் குஷன்காரர் பேங்கில் தனியாக வைத்திருந்தார். அதைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம். கடையை விற்றாயிற்று, மனைவி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாடி பூட்டிக் கிடந்தது. கீழே கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்வார், அலுத்தால் இன்னொரு நாற்காலிக்கு மாறுவார். இரண்டும் அவர் கையால் மெத்தை போட்டவை. உட்காரத்தான் ஆள் இல்லை.

படித்த நாட்டிலேயே தங்கிவிட்ட மகள் அங்கிருந்தபடியே காரை இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள். படம் எல்லாம் இவர் எடுத்து அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை போனில் வகுப்பு எடுத்தாள்.

"அப்பா, வண்டியை நேர்ல பார்க்காம பணம் அனுப்பறேன்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்க."

"சரி."

"போன்ல வர்ற நம்பரை எவனுக்கும் சொல்லாதீங்க. லிங்க் வந்தா தொடாதீங்க. பணம் வந்துடுச்சுன்னு மெசேஜ் வந்தா அது மெசேஜ்தான், பணம் இல்லை. பேங்குக்குப் போய் உங்க கணக்குல ஏறிடுச்சான்னு கேட்ட பிறகுதான் சாவி."

"உலகத்துல பாதிப் பேரு என் மெத்தைமேலதான் உக்காந்திருக்கான். எனக்கே சொல்லித் தர்றியா?"

"இன்னும் ஒண்ணு. பணம் வாங்கப் போறவர் நீங்க. நீங்க எதுக்கு முதல்ல கட்டணும்? அப்படி எவனாவது கேட்டா போனை வெச்சிடுங்க. அப்பா, குழந்தை அழறான், அப்புறம் பேசறேன்."

அப்புறம் என்றால் அடுத்த ஞாயிறு. அவளைக் குறை சொல்ல முடியாது. இங்கே விடிகிற நேரம் அங்கே அவளுக்கு வேலைக்கு ஓடுகிற நேரம்.

விளம்பரத்தைப் பார்த்து நிறையப் பேர் வந்தார்கள், எல்லாம் போனுக்குள்ளேயே. கடைசி விலை என்ன, கடைசி விலை என்ன என்று கேட்டுவிட்டு, சொன்னதும் காணாமல் போனார்கள். வாசலில் ஒருத்தனும் வந்து நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் போனில் கப்பல்காரன் வந்தான். மத்தியான நேரம், தெருவில் நாய்கூட எழுந்து நடக்காத நேரம்.

"வணக்கம் அங்கிள். கார் இன்னும் இருக்கா?"

"இருக்கு. நீ எங்கேருந்து பேசற?"

"கப்பல்ல வேலை அங்கிள். இப்ப நடுக்கடல்ல இருக்கோம். எங்க அப்பாவுக்கு ஒரு வண்டி வாங்கித் தரணும்னு ரொம்ப நாள் ஆசை. சாப்பிட்டீங்களா?"

குஷன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பிட்டீங்களா என்ற கேள்வி அந்த வீட்டுக்குள் வந்து எத்தனையோ மாசம் ஆகிவிட்டது. சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்றார்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் வந்தது. அதற்கு மறுநாளும். அங்கிள் என்றது அப்பா என்று ஆனது. கால் வலி எப்படி இருக்கு, வீட்டில் வேற யார் இருக்காங்க, தனியா எப்படிப்பா சமாளிக்கறீங்க என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்டால் சும்மா இருப்பாரா? லாரிப் பட்டறை முதலாளி கத்தரிக்கோலை வீசி எறிந்தது, அதை இவர் கையால் பிடித்தது, பிடித்த கையோடு "இது எனக்கே எனக்கா முதலாளி?" என்று கேட்டது, எல்லாம் சொன்னார். ஒரு பணக்காரர் வீட்டு ஊர்வலக் காருக்கு மழையில் நனைந்துகொண்டே சிவப்பு வெல்வெட் போட்டதைச் சொன்னார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து உறைக்குள் ஸ்பாஞ்சைத் திணிப்பாள், அவள் திணித்தால் மூலையில் ஒரு சுருக்கம் விழாது, அவள் போன பிறகு தன் வேலையில் மூலை நிற்கவில்லை, அதனால்தான் கடையை விற்றேன் என்பதைக்கூடச் சொல்லிவிட்டார். மகளிடம்கூடச் சொல்லாத சங்கதி அது. மகளிடம் கடையை விற்றதற்கு முதுகு வலி என்று சொல்லியிருந்தார்.

"அப்புறம் என்னாச்சுப்பா?" என்பான் கப்பல்காரன்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே குஷன்காரர் காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி, போனை முழு சார்ஜ் போட்டு உட்கார ஆரம்பித்தார். எதிரே இருப்பவனுக்குத் தெரியவா போகிறது? இருந்தாலும் சட்டை மாற்றினார்.

விலை விஷயம் ஒரு மூச்சில் முடிந்தது. சொன்ன விலைக்கே சரி என்றான். பிறகு ஒருநாள் போனில் பேங்கிலிருந்து வந்த மாதிரி ஒரு மெசேஜ் வந்தது, பணம் வந்திருக்கிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று. உடனே அவன் கூப்பிட்டான்.

"வந்துடுச்சாப்பா? வண்டியை எங்க அப்பாகிட்ட ஏத்திட்டுப் போற கம்பெனிக்கு நீங்க முதல்ல கட்டிடுங்க. அந்தக் காசையும் சேர்த்துத்தான் நான் அனுப்பியிருக்கேன். அவங்க ரசீது குடுத்ததும் பேங்க் மொத்தத்தையும் உங்க கணக்குல விட்டுடும்."

"மகள் அப்படிக் கட்டக்கூடாதுன்னு சொன்னாளே தம்பி."

"அவங்க சொல்றது சரிதான்ப்பா. கண்ட கண்டவனை நம்பக்கூடாது. ஆனா நான் கண்டவனா?"

குஷன்காரர் பேங்குக்குப் போய்க் கணக்கைக் கேட்டார். ஒன்றும் ஏறவில்லை என்றார்கள். அதைச் சொன்னபோது, ரசீது போனால்தான் ஏறும் என்றுதானே சொன்னேன் என்று அவன் கொஞ்சம் மனத்தாங்கலோடு பேசினான். அன்றைக்குக் கதை கேட்காமலே போனை வைத்துவிட்டான். அது போதாதா? மத்தியானம் முழுக்க அவர் நாற்காலி மாறி மாறி உட்கார்ந்தார்.

தெரியாமல் இல்லை, தெரிந்துதான் இருந்தது. மகள் சொன்னதெல்லாம் ஒரு பக்கம், அப்புறம் என்னாச்சுப்பா ஒரு பக்கம். அந்தக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை ஒரு கண் ஆபரேஷனுக்குச் சரியாக இருந்தது. ஒரு கண் போதாதா ஒரு மனுஷனுக்கு என்று மனசு கணக்குப் போட்டது. மனசுக்குக் கணக்கு எப்போது வந்திருக்கிறது!

பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவன் கொடுத்த கணக்கு நம்பரை ஒவ்வொன்றாகப் போனில் அழுத்தினார். எல்லாம் அழுத்தி முடித்து, அனுப்பு என்பதுதான் பாக்கி. அதற்கு முன்னால் காரின் படத்தை ஒருதரம் பார்க்கலாம் என்று தோன்றியது. போகப் போகிற வண்டியாயிற்றே. பார்த்தார். முன் சீட்டின் ஓரத்தில் ஒரு நூல் தொங்கியது.

அந்த நூல் தவறி விட்டுப்போனது இல்லை. அவர் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. எந்த வேலையை முடித்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு நூலை வெட்டாமல் விட்டுவைப்பார். வருகிறவன் காசு கொடுக்கும் முன் ஏதாவது ஒரு குறை சொல்லியே தீருவான். சொல்லவில்லை என்றால் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. அவனாக ஒன்றைத் தேட ஆரம்பித்தால் வேலையையே பிரிக்கச் சொல்லுவான். அதனால் அவன் வாய்க்கு ஒரு நூலைக் கொடுத்துவிடுவது. "என்னய்யா, நூல் தொங்குது?" என்பான். "அடடா!" என்று இவர் வெட்டுவார். அவன் ஜெயித்த முகத்தோடு போவான். இத்தனை வருஷத்தில் அந்த நூலைப் பிடிக்காத வாடிக்கைக்காரன் ஒருத்தன் கிடையாது. விளம்பரப் படத்துக்கும் பழக்க தோஷத்தில் ஒரு நூலை விட்டிருந்தார்.

கப்பல்காரன் அந்த நூலைக் கேட்கவில்லை. வண்டி என்ன கலர் என்று கேட்கவில்லை. எத்தனை தூரம் ஓடியது, டயர் மாற்றியதா, ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டதெல்லாம் இவரைப் பற்றித்தான்.

போனைக் கீழே வைத்தார். மறுநாள் மத்தியானம் வரைக்கும் பொறுத்திருந்தார். சட்டை மாற்றவில்லை.

"அனுப்பிட்டீங்களாப்பா?"

"இதோ தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், மனசுக்குக் கேக்கலை. பின் சீட்டு கிழிஞ்சிருக்கு."

"அதெல்லாம் பரவாயில்லைப்பா. உங்க வண்டி."

"கியர் விழாது."

"பாத்துக்கலாம்ப்பா."

"ஒரு பக்கம் கதவே இல்லை."

"மாட்டிக்கலாம்."

"தம்பி, வண்டிக்கு எஞ்சினே கிடையாது. கழட்டி வித்துட்டேன்."

"ஒண்ணும் கவலைப்படாதீங்கப்பா, அதை நான் பாத்துக்கறேன். நீங்க அந்தக் கம்பெனிக்குப் போட்டுட்டீங்களா?"

குஷன்காரர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் கூடம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"கட்டலை. கட்டவும் மாட்டேன். உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. வெல்வெட் கதையில நடுவுல விட்டுட்டேன். அந்த வீட்டுக்காரர் கடைசியில என்ன சொன்னார்னு சொல்லட்டுமா? காசு பணம் பேச்சே வேணாம். சும்மா கேளு."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. பக்கத்தில் வேறு யாரோ யாரையோ "சாப்பிட்டீங்களா அங்கிள்?" என்று விசாரிக்கிற சத்தமும் கேட்டது. பிறகு போன் கட் ஆனது.

அவர் திரும்பக் கூப்பிட்டார். வெட்கத்தை விட்டு இன்னொரு தரமும் கூப்பிட்டார். அந்த நம்பர் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அது மெஷின்.

நிஜமாகக் கார் வாங்க வந்தவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற ஒரு பெண்மணி. வாசலில் நின்றுகொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன ஐயா, படத்துல பளபளன்னு இருந்துச்சு? பம்பர்ல கோடு போட்டிருக்கே."

"அது நிழல்மா."

"நிழல் விரல்ல தட்டுப்படாது ஐயா." பானெட்டைத் திறந்தாள், குனிந்து அடியில் பார்த்தாள், டயரை உதைத்தாள், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வைப்பர் சரியில்லை, ஹாரன் ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது, கிளட்ச் இறுக்கம், இதில் கத்துக்க வர்றவங்க காலை உடைச்சுக்குவாங்க. சீட்டை அழுத்திப் பார்த்து, தொங்கிய நூலைக் காட்டினாள், தையலைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குஷன்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு, "சீட்டு நான் தெச்சது" என்றார்.

"அப்படியா? சரி, விலையைச் சொல்லுங்க."

ஒவ்வொரு குறைக்கும் விலையில் ஒரு துண்டை வெட்டினாள். இவரும் விடவில்லை. இரண்டு பேரும் தொண்டை காயப் பேசி, கடைசியில் ஒரு இடத்தில் வந்து நின்றார்கள். குஷன்காரருக்கு இவள் வாங்க வந்தவள்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் இருவரும் அவர் பேங்குக்கே போனார்கள். காரை அவள் ஸ்கூல் ஆள் ஒருத்தர் ஓட்ட, இவர் முதலாளி மாதிரி பின்னால் உட்கார்ந்து வந்தார், அந்த ஆள் வாசலில் நிறுத்தி, சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அங்கே உட்கார்ந்தே பணத்தை மாற்றினாள். இவர் போனில் மெசேஜ் மணி அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவே இல்லை. கவுன்டரில் போய் நின்று, "என் கணக்குல எவ்வளவு ஏறியிருக்குன்னு வாயால சொல்லுங்கம்மா" என்றார். கவுன்டர் பெண் சொன்னாள். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகுதான் வண்டி மாற்றும் பேப்பரில் கையெழுத்துப் போட்டார், சாவியைக் கொடுத்தார்.

"உஷாரான ஆள்தான் ஐயா நீங்க" என்றாள் அவள்.

"என்னை ஏமாத்தணும்னா புதுசா ஒருத்தன் பொறந்து வரணும்."

அவள் வண்டியில் ஏறி, சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணாடியைத் திருப்பினாள். அப்போதுதான் நினைவு வந்த மாதிரி தலையை வெளியே நீட்டினாள்.

"வீட்டுக்கு எப்படிப் போவீங்க? நான் அந்தப் பக்கம்தான் போறேன், விட்டுட்டுப் போகவா?"

போகலாம்தான். ஆனால் சொந்தக் காரில் இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து போவதா?

"எதுக்குமா? என்னைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

"சரி ஐயா." வண்டி கிளம்பியது. முனையில் திரும்புவதற்கு முன்பே அவர் கண்ணுக்கு அது கலைந்துவிட்டது. சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் அவர் நின்ற நேரத்தில் ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. நெற்றியில் எழுதியிருந்த நம்பர் இரண்டுமே புகைக்குள் இருந்தன. கேட்காமலே நின்றார். மூன்றாவது பஸ் வந்தபோது, பக்கத்தில் காதில் ஒயர் மாட்டிக்கொண்டு நின்றவர் பக்கம் திரும்பி, "தம்பி, இது எந்த பஸ்?" என்றார்.

அந்த ஆளுக்குக் கேட்கவில்லை. குஷன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தரம் கேட்டார்.