லிப்ராதோ தோற்ற நான்கு தேர்தல்கள்

தேர்தலில் தோற்ற மறுநாள் காலையில் லிப்ராதோ ஐயா ஏணியோடு வந்து தன் சுவரொட்டிகளைத் தானே கிழிப்பார். நான்கு தேர்தல்களாகப் பார்த்திருக்கிறேன். ஜெயித்தவர்களின் முகங்கள் மழையில் ஊறித் தானாக உரியும்வரை சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும். இவர் முகம் ஒரு நாள்கூடக் கூடுதலாக இருந்ததில்லை.

அவருக்கு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. எதிரே இருக்கும் கட்சி அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, தெரெரே என்கிற குளிர்ந்த இலைத்தேநீர் குடிக்க வருபவர்களுக்கு ஐஸ் தண்ணீர் எடுத்து வைப்பது என் வேலை. எங்கள் ஊரில் அதுவரை எங்கள் கட்சி ஜெயித்ததே இல்லை. அதனால் நகரத் தலைவர் பதவிக்கு நிற்க ஆளே கிடைக்காது. கிளைத் தலைவர் வக்கீல் கந்தேரோவுக்குச் சரியாக வேட்புமனு வாரத்தில் முதுகுவலி வந்துவிடும். லிப்ராதோ ஐயா நின்றார். அவர் கேட்டது ஒன்றுதான், யக்காரே ஓடைக்கு ஒரு பாலம். மழை பெய்தால் அக்கரைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நான் அக்கரைக்காரி, மூன்றாம் வகுப்போடு நின்றவள்.

முதல் தடவை கட்சி அவருக்கு வண்டி தரவில்லை. சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டார். தலைநகர் அசுன்சியோனிலிருந்து எழுதி வந்த ஸ்பானியப் பேச்சை மேடையில் மறந்துபோய், வீட்டில் பேசுவதுபோல் குவாரனியிலேயே பேசினார். தோற்ற பிறகு நடந்த கறி விருந்தில், தலைவர்களோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார வெட்கப்பட்டு, வெளியே சனங்களோடு தட்டேந்தி நின்றார். ஆனால் கட்சி வாங்கிய ஓட்டு அந்த முறை இரண்டு மடங்கு.

கட்சி யோசித்தது. அடுத்த தேர்தலில் பெரிய தலைவர்கள் ஊர் எல்லைவரை ஜீப்பில் வந்து, இறங்கி, சைக்கிளில் ஏறினார்கள். ஒருவர் வாத்தியார் வைத்துக் குவாரனி படித்தார். அவர் பேசினால் நாய்கள்கூட எழுந்து பார்த்தன. விருந்தில் எல்லாரும் வெளியே வரிசையில் நின்றார்கள். புகைப்படக்காரர் போனதும் உள்ளே போய் மறுபடி சாப்பிட்டார்கள். கழுவியவள் நான்.

நான்காவது தடவை அவர் அறுபத்தொரு ஓட்டில் தோற்றார். ஐந்தாவது தேர்தல் வந்தபோது வக்கீலுக்கு முதுகு சரியாகிவிட்டது.

"லிப்ராதோ, இந்தத் தடவை காத்து நம்ம பக்கம் அடிக்குதுப்பா. அதான் நானே நிக்கலாம்னு..."

"ஜெயிக்கிற தேர்தல்னா நான் வேண்டாமா வக்கீலய்யா?"

"அப்படியில்ல. உனக்குத் தோத்துத்தான் பழக்கம். ஜெயிச்சா எப்படி நடந்துக்கணும்னு தெரியாதே."

"உங்களுக்கு மட்டும் தெரியுமா? நம்ம கட்சியில யாரு ஜெயிச்சிருக்கா?"

அலுவலகத்தில் கைமாறிக்கொண்டிருந்த தெரெரேக் குவளை யார் கையிலோ நின்றுவிட்டது.

"தனியா நிக்கப் போறியா?" வக்கீலின் நெற்றி வியர்த்தது.

தனியாக நின்றால் ஓட்டுப் பிரியும். கட்சியோடு பாலமும் போகும். விட்டுக்கொடுத்தால், முதல் தடவையாக ஜெயிக்கப் போகிற தேர்தலில் அவர் பெயர் இருக்காது. லிப்ராதோ ஐயா வெகுநேரம் தன் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் தேய்த்தார்.

"நிக்கல. ஆனா பாலம்தான் முதல் வாக்குறுதி. ஒவ்வொரு தெருவிலயும் உங்க வாயாலயே சொல்லணும். குவாரனியில."

"என் குவாரனிதான் உனக்குத் தெரியுமே."

"பாலம்னு சொல்ல எவ்வளவு குவாரனி வேணும்? நான் சொல்லித் தர்றேன்."

சொல்லித் தந்தார். சைக்கிளும் சொல்லித் தர வேண்டியிருந்தது. பத்து நாள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினார். வக்கீல் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். முழங்காலில் கட்டோடு மேடையேறி, "சின்ன வயசிலிருந்தே சைக்கிள்தான் எனக்கு உயிர்," என்றார்.

பாலத்தை மறப்பது மட்டும் வக்கீலுக்குக் கஷ்டமாக இருந்தது. லிப்ராதோ ஐயா திங்கள்தோறும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"என்ன வேணும் பெரியவரே?" என்று கேட்பாள் அங்குள்ள பெண்.

"ஒண்ணும் வேண்டாம்மா. வக்கீலய்யா என்னைப் பார்த்தா போதும்."

வக்கீலும் ஒன்றரை வருஷம் பார்த்தார்.

இப்போது பாலம் இருக்கிறது. கல்வெட்டில் வக்கீல் பெயர். கைப்பிடி ஒரு பக்கம்தான். மழை நாளிலும் அக்கரையிலிருந்து நாற்பத்துமூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அடுத்த வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலில், மறுபக்கத்துக் கைப்பிடிக்காக, லிப்ராதோ ஐயா வக்கீலை எதிர்த்து மனுக் கொடுத்திருக்கிறார்.