பதின்மூன்றாம் செவ்வாய்

யசிந்தாவின் மீனில் குறை சொல்ல முடியாது. வாயில்தான் சொல்லலாம். குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் மீன்பெட்டியோடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தால், சூடை மீனை நிறுத்து முடிப்பதற்குள் ஒரு புனிதர் செய்த புதுமையைச் சொல்லி முடித்துவிடுவாள். எல்லாம் சைவசமய வீடுகள், ஆனாலும் யாரும் கோபிப்பதில்லை. செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் மீன், மச்சம் தொடமாட்டோம். அந்த இரண்டு நாளும் ஒழுங்கை அமைதியாகக் கிடக்கும்.

அவளைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. கடலில் மூன்று நாள் காணாமல் போன கணவன் மரியரட்ணம் உயிரோடு கரை சேர்ந்தது அந்தோனியாரால்தான் என்று முழுமனதாக நம்புகிறவள். தனக்குக் கிடைத்ததை அயலுக்கும் கொடுக்க நினைத்தாள். அதை என் பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோனதுதான் வினை. அக்காவின் ஒரே மகன் லோஜன், போர் முடிந்த வருடம் காணாமல் போனவன்.

"பதின்மூண்டு செவ்வாய் மெழுகுதிரி கொளுத்துங்கோ அக்கா. காணாமல் போனதை அந்தோனியார் கொண்டுவந்து தருவார்," என்றாள் யசிந்தா.

போகாத கோயிலில்லை என்று ஓய்ந்திருந்த மனுசி. திருநீறு பூசிய நெற்றியோடு, செவ்வாய் தவறாமல் யசிந்தாவின் ஸ்கூட்டியில் அந்தோனியார் கோயிலுக்குப் போய்வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு அவர் சிரிக்கக் கண்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

கடைசிச் செவ்வாய்க்கு விளைமீன் கேட்டார். லோஜன் மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவனாம். யசிந்தா தயங்கினாள், ஆனாலும் கொண்டுவந்தாள். தன் வாயால் சொன்னதைத் தானே எப்படி மறுப்பாள்? அக்கா குழம்பு வைத்து, மகனின் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். வாசல் படலை அன்று முழுக்கத் திறந்தே கிடந்தது. மறுநாள் குழம்பைப் பூனை தின்றது.

யசிந்தா ஒரு கிழமை முழுக்க வரவில்லை. பிறகு வந்து, பெட்டியைத் திறக்காமல் அக்காவின் முன்னால் நின்றாள். ஏச்சு வாங்கத்தான் வந்திருந்தாள். அக்கா ஏசியிருந்தால் இருவருக்கும் நல்லதாய்ப் போயிருக்கும்.

"என்ரை பிழைதான் பிள்ளை," என்றார் அக்கா. "செவ்வாய்க்கிழமையிலை மச்சம் காய்ச்சிப்போட்டன். அதுதான் அந்தோனியார் அவனைக் கொண்டுவரேல்லை. திரும்ப முதலிலையிருந்து தொடங்குவம், என்ன?"

யசிந்தா திறக்காத பெட்டியோடு ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

அடுத்த செவ்வாய் காலை, திருநீற்றோடு அக்கா படலையடியில் நின்றார். யசிந்தா வந்தாள். வராமல் என்ன செய்வாள்?