தேய்ந்திருந்த பின்டயர்கள்

ஒரு பழைய காருக்காக, என் தங்கையின் கணவரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டு ஓட்டும் டிரிஃப்ட் போட்டிகளில் கலந்துகொள்ளும் ஆசையில், பின்சக்கரத்தில் ஓடும் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கியிருந்தேன். ஈப்போவின் சிலிபினில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் அதை வைத்து வேலை செய்ய இடமில்லை. தங்கை வீடு சுங்காய் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் காரை நிறுத்தினோம். மச்சான் தஞ்சோங் மாலிமில் கார் ஆலையில் வேலை செய்கிறார், கைவேலை சுத்தம். ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி மாற்றினோம். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே சுழலும்படி டிஃபரன்ஷலை வெல்டிங் வைத்து இறுக்கினோம்.

ஒரு ஞாயிறு போனபோது பின்டயர்களின் ஓரம் தேய்ந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே ரப்பர் துகள் அப்பிக் கிடந்தது. முந்தைய வாரம்தான் மாட்டிய டயர்கள்.

“மச்சான், காடிய யாராச்சும் எடுத்தாங்களா?”

“யாருலா எடுப்பா? நான்தான் ஆறு நாளும் வேலைக்குப் போயிடுறேனே.”

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஸ்பேனர் தேடினார். எனக்கு அது போதும். இன்னொரு சாவி அவர் வீட்டு ஆணியில்தானே தொங்குகிறது.

அன்று கிளம்பும்முன் டயர் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அடுத்த வாரம் கோடு வேறு பக்கம் இருந்தது.

“மழ ஒழுகுச்சு. ஒங்க தங்கச்சி தள்ளி நிறுத்தியிருப்பா,” என்றார்.

“அவள எதுக்கு இழுக்குறீங்க? ஓட்டணும்னா கேட்டு ஓட்டுங்க மச்சான். திருட்டுத்தனம் வேணாம்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பின் கொட்டகைப் பக்கமே வரவில்லை. மாட்டிக்கொண்டதால் ஒதுங்குகிறார் என்றே நினைத்தேன்.

வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை ஓட்டுகிறார், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, ஒரு புதன்கிழமை காலை லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் போனேன். கொட்டகை காலி. செம்பனை மரங்களுக்கு அப்பால், மூடிக்கிடந்த ரப்பர் ஆலைப் பக்கம் டயர் கிறீச்சிட்டது. நடந்தேன். சிமெண்டு முற்றத்தில் ஒரு பீப்பாயைச் சுற்றிக் கார் புகையோடு பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஒழுங்கான வட்டம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

கார் நின்றது. இறங்கியவள் தங்கை. வேன் ஓட்டுவது அவள் வேலை; காலையில் தொழிற்சாலை ஆட்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே சட்டையோடு வந்திருந்தாள்.

“மச்சானுக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே. ரெண்டு பேருமே விட மாட்டீங்கன்னுதான் சொல்லல.”

“அவரத் திருடன்னு சொல்லிட்டேன்லா!”

“கேட்டுச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு.”

மாலையில் மச்சான் வேலை முடிந்து வரும்வரை இருவரும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அவளிடம் மட்டும், “ஹெல்மெட் போட்டியா?” என்றார்.

ஈப்போவில் நடந்த போட்டிக்கு அவள் பெயரையே கொடுத்தேன். முதல் சுற்றில் தேறினாள். இரண்டாவதில் கார் சுழன்று புல்லில் போய் நின்றது. நான் ஓடிப்போவதற்குள் மச்சான் அங்கே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்ட பிறகும் மூன்று வாரமாக என்னோடு பேசாதவர், பானட்டுக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தினார்.

“ரேடியேட்டர் குழாய் கழண்டிருச்சு மச்சான். தண்ணி கொண்டாங்க.”