கண்ணாடிக்கடை அக்காவின் சந்தேகம்

"பையத் திறங்க."

கண்ணாடிக்கடை அக்கா வணக்கம் சொல்வது இப்படித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணி. கணினித் திரையில் ஒரு பாழடைந்த தீவு, அதன் நடுவே தகரத் தடுப்பு வைத்த சண்டைக்களம். வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் உருவம் அக்காவுடையது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் அவர் முன்னால் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"அக்கா, போன மாசம் பாத்தீங்களே," என்று ஒரு குரல் கெஞ்சுகிறது.

"போன மாசம் பாத்தது போன மாசத்துக்கு. கொட்டுங்க."

தீவில் வெறுங்கையோடு கண் விழித்து, மரம் வெட்டி, வீடு கட்டி, அடுத்தவன் வந்து சூறையாடாமல் உயிர் பிழைத்துக் கிடக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். உலகமெங்கும் ஆடுகிறார்கள். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் எழுபது எண்பது பேர் சேர்ந்து தங்களுக்கென்று இணையத்தில் ஒரு தனி சர்வர் வைத்திருக்கிறார்கள். நடத்துகிறவர் ஒரு பேக்கரிக்காரர். மாதம் ஒருமுறை இருவர் இருவராக மோதும் போட்டி. பார்க்கிறவர்கள் பந்தயம் கட்டலாம். தீவின் செல்வம் துருப்பிடித்த இரும்புத் துண்டு. வெளியே அதற்கு அரை டம்ளர் தேநீர்கூடக் கிடைக்காது. ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் மனிதன் புளியங்கொட்டைக்கும் சட்டையைப் பிடிப்பான். அதனால்தான் ஒரு நடுவர் தேவைப்பட்டார். அக்காவைவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆளில்லை.

அக்கா இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில் கண் பார்த்துக்கொண்டிருக்கிறார். காத்திருக்கும்போதே எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துவிட்டு வந்து கடகடவென்று ஒப்பிக்கிறவர்களுக்காக, மூன்று பலகைகளை மாற்றி மாற்றி மாட்டுவார். "தெரியுது தெரியுதுன்னு சொல்றவங்களத்தான் முதல்ல சந்தேகப்படணும்" என்பது அவருடைய தொழில் வேதம். வீட்டிலும் அதே பாராயணம்தான். கணவர் மதியம் கடைக்கு வந்து "சும்மாதான் வந்தேன்" என்றால், "சும்மா யாரும் வரமாட்டாங்க, விஷயத்தச் சொல்லுங்க" என்பார். "உன் நிழல்கிட்டயே அடையாள அட்டை கேக்குற ஆளு நீ" என்று அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இப்படிப்பட்ட அக்காவிடம்தான் வேன் அண்ணன் மாட்டினார்.

ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதுகுவலிக்கு மருத்துவர் ஒரு மாதம் படுக்கச் சொன்னபோது விளையாட்டைப் பழகி, அந்த வட்டாரத்திலேயே குறி தப்பாதவர் என்று பெயர் வாங்கினார். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு அவர் மேல்தான் கட்டுவார்கள். அவர் மூன்று மாதமாக முதல் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தார். அதுவும் எப்படி? எதிராளி நடந்து வந்து சுடுகிறான். இவர் மரம் மாதிரி நிற்கிறார்.

அது போதாதென்று சக்கரம் வேறு. தீவின் சூதாட்ட முகாமில் ஒரு பெரிய மரச்சக்கரம் சுழலும். அதன் எதிரே இடமிருந்து வலமாக ஐந்து கட்டங்கள்: ஒன்று, மூன்று, ஐந்து, பத்து, இருபது. சக்கரம் பெரும்பாலும் ஒன்றில்தான் நிற்கும். இருபதில் நிற்பது அத்தி பூத்த மாதிரி; நின்றால் வைத்தது இருபது மடங்காகும். இரண்டு வருடமாக வேன் அண்ணன் ஒன்றைத் தாண்டி மூன்றுக்குக்கூட யோசித்துத்தான் போவார். "குருவி மாதிரி சேக்கணும் தங்கச்சி" என்பார். அந்த மனிதர் இப்போது ஐந்து, பத்து, இருபது என்று மட்டும் வைத்து மொத்தத்தையும் கரைத்துக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரர் கூப்பிட்டார். "அக்கா, வேணும்னே தோக்குறாருன்னு முப்பது பேரு எழுதிட்டாங்க. எதிராளிங்ககிட்ட பங்கு வாங்குறாராம். அவரத் தூக்கலன்னா இவங்க போயிடுவாங்க. ஆதாரம் எடுத்துக் குடுங்க."

"குடுக்கறேன்," என்றார் அக்கா. குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

போட்டியில் கலந்துகொள்கிறவர்கள் தங்கள் திரையைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். மதியம் கடையை அரைமணி நேரம் சாத்திவிட்டு வேன் அண்ணனின் மூன்று பதிவுகளையும் பார்த்தார். இரண்டாம் முறை பார்க்கும்போது பிடி கிடைத்தது. மூன்று முறையும் எதிராளி இடப்பக்கமிருந்துதான் வந்திருக்கிறான். வலப்பக்கம் ஒரு இலை அசைந்தாலும் சட்டென்று திரும்புகிறவர், இடப்பக்கம் ஆளே ஓடி வந்தாலும் எருமைமாட்டின் மேல் மழை பெய்தது போல நிற்கிறார். 'பக்கம் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள்' என்று காகிதத்தில் எழுதி அடிக்கோடும் போட்டார்.

போட்ட கோட்டின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. பங்கு வாங்குகிறவர் கொஞ்சமாவது நடிக்க மாட்டாரா? பொய்யாக ஒரு தோட்டாவாவது சுட மாட்டாரா?

மேசையில் கிடந்த பிரேம் விலைப்பட்டியலை எடுத்துத் திரையின் இடது பாதியை மறைத்துப் பிடித்தார். பதிவை மறுபடி ஓடவிட்டார்.

முட்டாள்தனம் ஒன்றுகூட மிச்சமில்லை. தெரிகிற பாதியில் அந்த மனிதர் பழைய புலியாகவே ஆடிக்கொண்டிருந்தார். அக்கா தான் எழுதிய வரியைக் குறுக்கே அடித்தார்.

ஆனாலும் அவர் அக்கா. நடிப்பாகவும் இருக்கலாமே! அன்று சாயங்காலமே பேக்கரிக்காரரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வேன் அண்ணனைத் தீவில் அந்தச் சக்கரத்தின் எதிரில் வரச் சொன்னார்.

"அண்ணே, நேரா நில்லுங்க. முன்னால எத்தன கட்டம் இருக்கு?"

"இதென்ன கேள்வி? மூணு."

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அஞ்சுல்ல இருக்கும்?"

"முன்னாடி இருந்துச்சு. ஒண்ணையும் மூணையும் கம்பெனிக்காரன் தூக்கிட்டானே, ரெண்டு மூணு மாசமாச்சு. வேற வழியில்லாமத்தான் பெருசுல வெக்கறேன். உனக்குத் தெரியாதா?"

பேக்கரிக்காரரின் சிரிப்பு நடுவிலேயே நின்றது.

"அண்ணே," அக்கா மெல்லக் கேட்டார், "வேன்ல இடப்பக்கக் கண்ணாடி எப்படியிருக்கு?"

வேன் அண்ணனின் குரல் மாறியது. "உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எத்தன தடவ உடைஞ்சுது?"

"ரெண்டு. அந்தச் சந்து குறுகல். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்களுக்கு இடப்பக்கம் தெரியல அண்ணே. கண்ணுல இல்ல, அதுக்குப் பின்னால ஏதோ கோளாறு. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டிய எடுக்காதீங்க."

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது! விளையாட்டுல தோத்தா வெளியேத்திட்டுப் போ. என் பொழப்புல கை வெக்காத."

"எடுத்தீங்கன்னா பள்ளிக்கூடத்துக்கே வந்து நிப்பேன்."

வேன் அண்ணனின் உருவம் திரையிலிருந்து மறைந்தது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அக்கா அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்றார். முகவரியைப் பேக்கரிக்காரரிடம் பிடுங்கியிருந்தார். ஒவ்வொரு வண்டி வரும்போதும் அதன் இடப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். கடைசியில் வந்த மஞ்சள் வேனின் இடப்பக்கக் கண்ணாடியை ஒட்டு நாடாவால் சுற்றியிருந்தார்கள். ஓட்டி வந்தவர் முப்பது வயதுக்காரர், வேன் அண்ணனின் மச்சானாம். பிள்ளைகள் இறங்கி முடிக்கும்வரை நின்ற அக்கா, ஜன்னலருகே போய்க் கேட்டார்.

"தம்பி, லைசன்ஸ் இருக்கா?"

அவர் எடுத்துக் காட்டினார். அக்கா தேதியையும் பார்த்தார்.

அதன்பின் பத்து நாள் வேன் அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. சர்வரில் தீர்ப்பு என்னாயிற்று என்று நச்சரித்தார்கள். வேன் அண்ணனே சொல்லாதபோது அவர் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்ல அக்காவுக்கு மனமில்லை. "விசாரணை முடியல" என்று மட்டும் சொன்னார். பத்தாம் நாள் ஒருவன், அக்காவுக்கும் பங்கு போயிருக்கும் என்று எழுதினான். அக்கா பதில் எழுதினார்: "சந்தேகப்படுறது நல்லதுதான். ஆனா ஆதாரத்தோட வாங்க."

பதினோராம் நாள் மத்தியானம் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு கனத்த மனிதர் ஒருவர் வந்தார். இடப்பக்கம் இருந்த பிரேம் தாங்கியில் இடித்து, நாலைந்து பிரேம்கள் சரிந்தன. குரலைக் கேட்டுத்தான் ஆள் தெரிந்தது.

"பையத் தொறக்கணுமா தங்கச்சி?"

மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து மேசையில் வைத்தார். அக்கா அவருக்கு இடப்பக்கமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், தாளை வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். பார்வைப் பரப்பைக் காட்டும் இரண்டு வட்டங்கள். இரண்டிலும் இடது பாதி கறுப்பு.

"மூளையில பின்பக்கமா சின்னதா ஒரு ரத்தக்குழாய் அடைச்சிருக்காம். எப்பன்னு எனக்கே தெரியல. இது போனது போனதுதானாம். அடுத்தது வராம இருக்க மாத்திர குடுத்திருக்காங்க. விட்டிருந்தா படுக்கதான்னாங்க." மஞ்சள் பையை மடித்துக்கொண்டே சொன்னார். "வண்டிய மச்சானே ஓட்டட்டும்னு விட்டுட்டேன். இருபது பிள்ளைங்க தங்கச்சி. மூணு மாசம்."

அக்கா காகிதங்களை மேசையில் வைத்தார். தன் விரலை அவருடைய இடது காதருகே கொண்டுபோய் அசைத்தார். அவர் பார்வை அசையவில்லை.

"என்ன, பேச்சையே காணோம்?" என்று அவர் கழுத்தை முழுசாகத் திருப்பி அக்காவைத் தேடினார்.

அக்கா எழுந்தார். தரையில் கிறீச்சிடாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருக்கு வலப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.