இரண்டாவது வரிசைச் சிரிப்பு

ஒரு சிரிப்பு நடிகரின் நாற்பது வருடத் தொழிலை எடைபோட வேண்டுமென்றால் யாரைக் கேட்பீர்கள்? இயக்குநரைக் கேட்பீர்கள், கூட நடித்தவர்களைக் கேட்பீர்கள், பத்திரிகையில் உட்கார்ந்து படத்துக்கு மார்க் போடும் மகானுபாவர்களைக் கேட்பீர்கள். கேளுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் கீழ்வீட்டுக்காரர் என்று ஊரே கூப்பிட்ட அந்த நடிகரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒரே ஆள், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியபோது அவளுக்கு அறுபத்துமூன்று வயதாகிவிட்டது.

டெலிவிஷன் ஸ்டுடியோவில் அவளுக்குச் சிரிப்பக்கா என்று பெயர். கடையில் சொன்னால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். தேய்க்கிற கல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், லென்ஸை விரல் நுனியில் பிடித்துத் திருப்ப வேண்டும், கவனம் பிசகினால் ஓரம் சில்லாகிவிடும். அதனால் வேலை நேரத்தில் அவள் வாயே திறக்க மாட்டாள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். தங்கமான மனிதர்தான். ஆனால் சிரிப்பதற்கு மேலிடத்து உத்தரவு வர வேண்டும் என்பது போல முகத்தை வைத்திருப்பார். ஆக, கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது மொத்தம் எத்தனை தடவை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஸ்டுடியோவிலிருந்து ஒரு நாள் கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. நாடகத்தில் ஒருவர் மூக்குக்கண்ணாடி போட வேண்டும், ஆனால் லென்ஸ் கூடாது, விளக்கு வெளிச்சம் பட்டுப் பளபளக்கிறது, வெறும் ஃபிரேம் போதும் என்றார்கள். கடையில் ஆள் இல்லாததால் சனிக்கிழமை மத்தியானம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு ஆடியன்ஸில் ஓர் ஆள் குறைந்தது. நாற்பது நாற்காலியில் ஒன்று காலியாக இருந்தால் காமிராவில் பல் விழுந்த மாதிரி தெரியுமாம். "கொஞ்ச நேரம் உக்காருங்கக்கா" என்று அவளை இரண்டாவது வரிசையில் பிடித்து உட்கார வைத்தார்கள்.

நாடகம் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பற்றியது. கீழ்வீட்டுக்காரர் வாராவாரம் மேல்வீட்டுக்குச் சண்டை போட வருவார். சத்தம் தாங்கவில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, பிள்ளைகள் குதிக்கின்றன என்று கொதித்துக்கொண்டு வருவார். கடைசியில் அவர்களுக்கு உட்காரப் போதிய நாற்காலி இல்லை என்று பார்த்துவிட்டுத் தன் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் கதை. அவர் ஒரு வசனத்தைச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்தார். அதில் கண்ணாடியே இல்லை என்று ஆடியன்ஸில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மனிதர் காற்றைத் துடைக்கிறார்! அவளுக்கு மூச்சு உள்ளே இழுத்தது, ஒரு கணம் நின்றது, பிறகு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்த பிறகுதான் மற்ற முப்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள்.

ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு இது யாரடா என்று எட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் கடைக்குப் போன் வந்தது.

அப்படியே ஏழு வருடம். சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் இரண்டாவது வரிசை, மூன்றாவது நாற்காலி. தலைக்கு மேலே அவளுக்கென்று ஒரு மைக்கே தொங்கியது. நிபந்தனை மூன்றுதான். ஆடியன்ஸ் ஆட்கள் நடிகர்களோடு பேசக் கூடாது. ஆள் வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. பின்வாசலால் வந்து பின்வாசலால் போக வேண்டும். அவர் முன்வாசலால் வருவார், முகத்தில் விளக்கு அடிக்கும், இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். ஆனாலும் அவர் வசனத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். காற்றைத் துடைத்துக்கொண்டு, அவள் சிரிப்பு வரும்வரை காத்திருப்பார். வந்த பிறகுதான் அடுத்த வார்த்தை.

தனக்காக ஓர் ஆள் காத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புதிது. காதலா என்று கேட்டால், சிரிப்பக்காவுக்கே பதில் தெரியாது. காதலென்றால் வீட்டுக்காரர் இருக்கிறார். இது வேறு. கல்லில் லென்ஸைத் தேய்க்கும்போது, சனிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நெஞ்சுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டே இருக்கும். அதற்கு என்ன பெயர் வைத்துக்கொள்வீர்களோ வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் வருடம் அவர் சினிமாவுக்குப் போய்விட்டார். நாடகம் நின்றது, மைக்கைக் கழற்றினார்கள்.

முதல் படம் சக்கைப்போடு போட்டது. கதாநாயகனின் நண்பன் வேடம். அவர் நிற்கிற இடத்திலெல்லாம் எடிட்டர் கத்திரிக்கோலைத் தாராளமாகப் போட்டிருந்தார், மனிதர் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளினார். ஊரே கொண்டாடியது. அக்காவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. வேறு யாரோ அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவசர அவசரமாகப் பேசுவது போலிருந்தது. இரண்டு படம் கழித்து அவரே கதாநாயகன். பேர் வந்துவிட்டதால், தான் நடித்ததில் எடிட்டர் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

அந்தப் படத்துக்கு முதல் வெள்ளிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனாள். திரையில் அவர் ஒரு வசனத்தைச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். தியேட்டரில் ஒரு சத்தமில்லை. யாரோ இருமினார்கள். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, இந்த மனிதர் இன்னும் காத்திருக்கிறாரே!

அவள் சிரித்தாள். இருட்டில் ஒற்றைக் குரலாகக் கிளம்பியது, பக்கத்து வரிசை தொற்றிக்கொண்டது, பிறகு தியேட்டரே குலுங்கியது. அன்றைக்கு அந்தத் தியேட்டரில் படம் ஓகோ. அடுத்த நாள் வேறு தியேட்டருக்குப் போனாள், அங்கேயும் அதே கதை. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தியேட்டர். நாலாவதுக்குப் புடவை மாற்றியபோது வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இன்னும் எத்தனை தியேட்டர் பாக்கி?"

"இந்த ஒண்ணுதாங்க."

"ஒரே படத்த நாலு தடவை பாத்தா முடிவு மாறிடுமா என்ன?"

மாறவில்லை. ஊரிலிருக்கும் எல்லாத் தியேட்டரிலும் ஒரே நேரத்தில் உட்கார அவளால் முடியுமா? அவள் இல்லாத இடங்களில் படம் மண்ணைக் கவ்வியது. அடுத்ததும் கவ்வியது, அதற்கடுத்ததும். மதிப்பெண்காரர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். 'டைமிங்கை மறந்துவிட்டார்' என்று ஒருவர் எழுதினார். அக்கா அந்தப் பேப்பரைக் கசக்கி எறிந்தாள். மறந்தாரா? மறக்க முடியாததுதானே கோளாறு! அப்புறம் வேறொரு நினைப்பு வந்தது, அது லேசில் போகவில்லை. தான் பாட்டுக்குச் சிரித்துச் சிரித்து அந்த மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கத்தை உண்டாக்கி, அவர் தொழிலைக் கெடுத்துவிட்டோமோ?

காத்திருக்க வேண்டாம் சார் என்று ஒரு கடிதம் எழுதினாள். கீழே என்ன பெயர் போடுவது? நான் யார் என்று சொல்வது? எழுதியதைக் கிழித்துப் போட்டாள்.

கடைசியாக ஒரு படம் வந்தது. ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீடு வீடாகப் போய் இது உங்களுடையதா என்று கேட்கும் கதை. நாலே நாள் ஓடியது, தியேட்டரில் ஈ ஓட்டினார்கள். அவர் நடித்ததிலேயே அதுதான் உச்சம் என்பது அக்காவின் தீர்ப்பு, இன்றுவரை மாற்றவில்லை. ஒரு வீட்டுக் கதவு திறக்காதபோது அவர் முகம் போகிற போக்கை வேறு எந்த நடிகனாலும் காட்ட முடியாது. அந்தப் படம் முழுக்க அவர் கண்ணாடியைக் கழற்றவே இல்லை, யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அக்கா சந்தோஷப்பட்டாள். வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பல வருடம் ஆளைக் காணோம். திரும்ப வந்தது சின்னத்திரைத் தொடர்களில், பெண்ணைப் பெற்ற அப்பாவாக, சோபாவில். பரவாயில்லை, சோபாவில் உட்கார்ந்திருப்பதையும் சிலர் நன்றாகச் செய்வார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் போன் வந்தது. கீழ்வீட்டுக்காரரின் நாற்பது வருடத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் இவள் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நிகழ்ச்சி எடுக்கும் பெண்ணுக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். அக்கா இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். காமிராவைப் பார்த்ததும் பயம் வரவில்லை, பல வருடத்துக் கேள்விக்குப் பதில் கைவசம் இருந்தது. நாடகத்தின் முதல் வருடம் கத்தல் ஜாஸ்தி, நாலாம் வருடம்தான் பழுத்தது என்றாள். அவர் யாரையும் மட்டம்தட்டிச் சிரிப்பு வாங்கவில்லை, தோற்றுப்போவதை இவ்வளவு மரியாதையாகச் செய்ய இன்னொருவர் வரவில்லை என்றாள். செருப்புப் படத்தைத் திரும்பப் போடுங்கள் என்று கிட்டத்தட்டக் கட்டளையே இட்டாள்.

"எல்லாம் முடிஞ்சுதும்மா" என்றாள் அந்தப் பெண். "சார் அடுத்த ரூம்லதான் இருக்காரு. மேக்கப் கலைச்சிட்டிருக்காரு. பாக்குறீங்களா?"

ஏழு வருடம் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவள், அந்த வாசற்படியைத் தாண்டத் தயங்கி நின்றாள். பிறகு போனாள்.

எழுபது தாண்டியவர், கழுத்தில் துண்டோடு நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்தப் பெண் சொன்னாள்: "சார், உங்க நாடகத்துல ஆடியன்ஸா உக்காந்து சிரிச்சவங்க. ஏழு வருஷமும்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா" என்று கைகூப்பினார். வழியில் பார்க்கிற யாருக்கும் கூப்புகிற அதே கைதான். அக்காவுக்குச் சப்பென்று போய்விட்டது. இருந்தாலும் விடவில்லை.

"ரெண்டாவது வரிசை சார். எல்லாருக்கும் முன்னாடி நான்தான் ஆரம்பிப்பேன்."

அவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மூச்ச இழுத்து, கொஞ்சம் நின்னு, அப்புறம் வருமே, அந்தச் சிரிப்பா?"

"ஆமா சார்."

"அது டேப்பும்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வது போல. "எனக்குத் தெரியாதா? சினிமாவுக்குப் போனப்ப சவுண்டுக்காரன்கிட்ட எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா? அந்த டேப்ப ஒரு காப்பி போட்டுக் குடுப்பா, ஷூட்டிங்ல ஓட விட்டுக்கிறேன், அது இல்லாம எனக்கு வரலன்னு. அப்படி ஒரு டேப்பே இல்லன்னு சாதிச்சுட்டான். பத்து வருஷம் நான் அவனோட பேசல."

"டேப் இல்ல சார். நான்தான்."

"ஒரு தடவ கூடத் தப்புனதில்லையேம்மா அது. மனுஷங்க சிரிச்சா எப்பவாவது தப்பும்ல?"

அவர் அவளை முதல் தடவையாக உற்றுப் பார்த்தார். "எங்க, ஒரு தடவ சிரிங்க பாப்போம்."

"சும்மா எப்படி சார் சிரிக்கிறது? நீங்க ஏதாவது சொல்லணும்."

அவர் யோசித்தார். கூரையைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். "ஒரு வசனங்கூட ஞாபகத்துல இல்லம்மா. எல்லாம் போச்சு."

எல்லாம் போகவில்லை, எல்லாம் இவளிடம் இருந்தது. நாலாம் வருடத்திலிருந்து ஒன்றை எடுத்தாள். அவர் குரலிலேயே, அவர் கோபத்திலேயே சொன்னாள்: "நீங்க மேல நடக்குறது கேக்குதுன்னு சொல்ல வரல. நேத்து நீங்க நடக்கவே இல்ல, எனக்குத் தூக்கமே வரல."

அவர் சிரிக்கவில்லை. தொழில்காரர் முகம் வந்துவிட்டது அவருக்கு.

"தப்பும்மா. ஓட்டிட்டுப் போறீங்க. நடக்கவே இல்லன்னு சொல்லிட்டு அங்க கொஞ்சம் நிக்கணும்."

"காத்திருந்துதானே சார் படமெல்லாம் போச்சு? எதுக்கு நிக்கணும்?"

"எதுக்கா?" என்றார் அவர். "அங்கதானேம்மா நீங்க வருவீங்க."